சத்தத்தைக் கூட்டாமல் கேட்க முடிகிறதா?

கேள்வி: வேலைக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. முதலில் பஸ், பிறகு ரயில். வாரத்தில் ஆறு நாளும் இப்படித்தான். ஒலிநூல், பாட்டு எல்லாம் அந்த நேரத்தில்தான் கேட்கிறேன். வீட்டுக்குள் நுழைந்தால் அதற்கு வழியே இல்லை. பழைய போனோடு வந்த வயர் இயர்போனைத்தான் இதுவரை பயன்படுத்துகிறேன். ரயில் வேகமெடுத்துவிட்டால் ஒலியை முழுதாக ஏற்றினாலும் பாதி வார்த்தை பிடிபடுவதில்லை. கொஞ்ச நாளாக வீட்டுக்கு வந்ததும் காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைகிறது. அரை மணியில் அடங்கிவிடும். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சுற்றுப்புற இரைச்சலை அடக்கும் ‘நாய்ஸ் கேன்சலிங்’ உள்ள, காதை மூடும் பெரிய ஹெட்போன்தான் சரி என்கிறார் உடன் வேலை செய்பவர். எலும்பு வழியாகக் கேட்கும் வகை வாங்கு, காதுக்குப் பாதிப்பே இல்லை என்கிறான் தம்பி. கடைக்காரர் டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்) எத்தனை மில்லிமீட்டர், பேட்டரி எத்தனை மணி நேரம் என்று அடுக்குகிறார். நாய்ஸ் கேன்சலிங் காதுக்குள் இன்னொரு சத்தத்தை விடுகிறது, அது கெடுதல் என்று வாட்ஸ்அப்பில் வேறு வந்தது. நான் கண்ணாடி போடுபவள். இடது காதில் எந்த இயர்போனும் நிற்காது. எதை வாங்குவது? பழைய இயர்போனைப் பதினொரு வயது மகன் கேட்கிறான், கொடுக்கலாமா?

பதில்: காதுக்குள் இரைகிறது என்றீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். கடைக்குப் போவதற்கு முன்னால் அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

உள்காதில், நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள், ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம் மயிர்ச் செல்கள் உண்டு. ஒலியின் அதிர்வை நரம்புக்குப் புரிகிற மின்குறிப்பாக மாற்றுவது அவைதான். நெடுநேரம் பலத்த ஒலி பட்டால் அவை களைத்துப்போகும்; அந்தக் களைப்பு இரைச்சலாகவோ காது அடைத்தாற்போலவோ தெரியும். ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் நாள் தவறாமல் இதே நடந்தால் ஒரு கட்டத்தில் சில செல்கள் செத்துப்போகும். மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. அரை மணியில் அடங்கிவிடுகிறது என்பது ஆறுதலாக இருக்கலாம். என் காதில் அது, நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்பதற்கான அறிவிப்பாகத்தான் விழுகிறது.

எல்லை எது என்பதற்கு உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஒரு கணக்குத் தந்திருக்கின்றன. ஒலியின் பலத்தை அளக்கும் அலகு டெசிபெல். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் மூன்று டெசிபெல் கூடினால் காதில் விழும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. மாதச் சம்பளத்தை வைத்துச் செலவு பண்ணுவது போல, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணம் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். 83 டெசிபெல்லில் கேட்டால் இருபது மணி நேரம் கிடைக்கும், தாராளமாகப் போதும். 86 என்றால் பத்து மணி நேரம்தான். வியாழக்கிழமை இரவோடு காலி. 92-க்குப் போனால் இரண்டரை மணி நேரம், அதாவது திங்கட்கிழமை போய்வந்ததோடு முடிந்தது. 95 என்றால்? ஒன்றேகால் மணி நேரம். திங்கட்கிழமை காலை நீங்கள் ரயிலை விட்டு இறங்கும்போதே அந்த வாரத்துக்கான மொத்தமும் தீர்ந்துவிட்டது. மீதிப் பதினோரு பயணமும் கடன்தான். ஒலியை முழுதாக ஏற்றினால் பல போன்கள் 95-ஐத் தாண்டிப் போகக்கூடியவை.

ஆகவே முதல் வேலை, ஒரு ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்துப் பாருங்கள். வலிக்காத பரிசோதனை, சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவதுதான். இரைச்சலால் வரும் பாதிப்பு வழக்கமாக 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையிலான பகுதியில்தான் முதலில் ஒரு பள்ளமாகத் தெரியும். பேச்சு கேட்பதில் குறை தெரிவதற்கு முன்பே வரைபடம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். முந்தைய நாள் மாலையிலிருந்தே ஹெட்போனைத் தொடாதீர்கள். களைத்த காதோடு போனால் இருப்பதைவிட மோசமான முடிவு வரும். வரைபடம் நன்றாகவே இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

இனி ஹெட்போனுக்கு வருவோம். ஆளுக்கொரு யோசனை சொன்னவர்களில் யாரும் உங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: ஓடுகிற ரயிலில், ஒலியைக் கூட்டாமல், சொல் புரிய வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும்? தினப் பயணத்துக்கான ஹெட்போனை நான் தேர்ந்தெடுப்பது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். பாஸ், தெளிவு, பிராண்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பெட்டிக்குள் இரைச்சல் 80 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் திறந்திருந்தாலோ சுரங்கத்துக்குள் போனாலோ இன்னும் ஏறும். ஒருவர் வாசிப்பது சிரமமில்லாமல் புரிய, அது சுற்றியுள்ள இரைச்சலைவிட ஏறத்தாழ 10 டெசிபெல் மேலே இருக்க வேண்டும். உங்கள் பழைய இயர்போன் காதின் வாயில் சும்மா தொங்குகிறது, எதையும் அடைப்பதில்லை. ஆக 90-க்குப் போனால்தான் கதை புரியும். அதே இரைச்சலில் 20 டெசிபெல்லை வெளியிலேயே தடுத்துவிடுகிற இயர்போன் இருந்தால் காதுக்குள் எஞ்சுவது 60. கதை புரிய 70 போதும். 90-க்கும் 70-க்கும் ஆற்றலில் நூறு மடங்கு வித்தியாசம். 70-இல் நீங்கள் வாரம் முழுவதும் கேட்டாலும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

ரயிலில் பாட்டு ஓரளவு கேட்கிறது, பேச்சு மட்டும் புரியவில்லை என்று என்னிடம் காதுப் பரிசோதனைக்கு வருகிறவர்களும் சொல்வதுண்டு. அதற்குக் காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. ரயில், பஸ் இரைச்சலின் கனமெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்களில்தான்: எஞ்சின் உறுமல், தண்டவாளத்தின் கடகடப்பு. காக்ளியாவில் உயர்ந்த ஒலிகளுக்கான இடம் வாசலிலும் தாழ்ந்த ஒலிகளுக்கான இடம் கடைசி முனையிலும் இருக்கின்றன. தாழ்ந்த ஒலி தன் இடத்துக்குப் போக முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும். பலமாக இருந்தால் போகிற வழியில் மற்ற இடங்களையும் உலுக்கிவிட்டுப் போகும். அதனால் உறுமல் தன்னைவிட உயர்ந்த ஒலிகளையும் மறைக்கிறது. பேச்சில் உயிரெழுத்துகளுக்கு வலு அதிகம். க், ச், ட், ப் போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, கண நேரத்தில் வந்து போகிறவை. ‘கட்டை’யா, ‘சட்டை’யா, ‘பட்டை’யா என்று பிரித்துக் காட்டுவது அவைதான். ரயில் முதலில் விழுங்குவதும் அவற்றைத்தான். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது மட்டும் தெரியாது. நீங்கள் ஒலியைக் கூட்டுகிறீர்கள். கூட்டினால் உயிரொலியும் சேர்ந்து ஏறிக் காதில் அறைகிறது.

தாழ்ந்த உறுமலை மட்டும் எடுத்துவிட்டால் மெய்யொலிகள் தாமாகவே வெளியே வரும். நாய்ஸ் கேன்சலிங் செய்வது இதைத்தான். வெளியிலிருந்து வரும் ஒலியை ஒரு சின்ன மைக் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்குகிறது. இரண்டும் காதருகே சேரும்போது ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. யோசனை பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்துவிட்டது. அது ஹெட்போனுக்குள் வர, 1978-இல் சூரிக்கிலிருந்து விமானத்தில் திரும்பிய, போஸ் கம்பெனியை நிறுவிய அமர் போஸ், கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் சத்தத்தைத் தாண்டி எதுவும் கேட்காமல் கடுப்பாகி, உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பிக்க வேண்டியிருந்தது. விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வர 1989 ஆயிற்று.

வாட்ஸ்அப் செய்திக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எதிர் அலை என்பது இருக்கிற சத்தத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுவதல்ல. இரண்டும் சேர்ந்த பிறகு செவிப்பறையில் படும் மொத்த அழுத்தம் குறைகிறது. குறையவில்லை என்றால் உங்களுக்கே சத்தம் அதிகமாகத்தானே கேட்க வேண்டும்? சிலருக்கு அதைப் போட்டதும் காது அடைத்தாற்போல, மலையேறும்போது வருமே அதுபோல, தோன்றும். உண்மையில் காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லை. ஓரிரு நாளில் பழகிவிடும். பழகாவிட்டால், அளவைக் குறைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. ப்ளூடூத் கதிர்வீச்சு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த செய்தி அதுவாகத்தான் இருக்கும்: இயர்போனின் ப்ளூடூத் வெளிவிடும் சக்தி, காதோடு ஒட்டிவைத்துப் பேசும் போன் வெளிவிடக்கூடியதில் மிகச் சிறிய பங்கு. அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

ஆனால் நாய்ஸ் கேன்சலிங்குக்கும் ஒரு வரம்பு உண்டு, கடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் ஓர் அலை மூன்றரை மீட்டர் நீளம். அதற்கு எதிர் அலை தயாரிக்கச் சிப்புக்கு அவகாசம் இருக்கிறது. 3,000 ஹெர்ட்ஸில் அலை பதினோரு சென்டிமீட்டர்தான்; கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும், ஒரு சிறு பிசகு நேர்ந்தாலும் எதிர் அலை பொருந்தாது. அதனால் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்த வித்தை பலிப்பதில்லை. பக்கத்து சீட்டுக்காரரின் போன் பேச்சு, பிரேக் பிடிக்கும் கிறீச், குழந்தையின் அழுகை இதையெல்லாம் தடுப்பது மின்னணு அல்ல, காதை அடைத்திருக்கும் ரப்பர் முனையோ மெத்தையோதான். அந்த அடைப்பில் ஓட்டை இருந்தால் தாழ்ந்த ஒலியும் அதன் வழியே உள்ளே வரும். அதாவது பொருந்தாத இயர்போனில் இருக்கிற விலையுயர்ந்த நாய்ஸ் கேன்சலிங்கால் பெரிய பிரயோஜனம் இல்லை. நன்றாகப் பொருந்துகிற சாதாரண இயர்போன் அதைவிட மேல். முதலில் பொருத்தம், பிறகுதான் மற்றது. இந்த வரிசையைத்தான் ஜனங்கள் தலைகீழாகப் போடுகிறார்கள்.

உங்கள் இடது காதுக்கு வருகிறேன். இரண்டு காதும் ஒரே அளவு என்பது ஹெட்போன் கம்பெனிகளின் நம்பிக்கை. பலருக்கு இரண்டு காதுக்குழாயும் வெவ்வேறு அகலம், வெவ்வேறு வளைவு. பெட்டியில் மூன்று நான்கு அளவில் சிலிக்கான் முனை கொடுக்கிறார்களே, அவற்றில் வலதுக்கு ஒன்றும் இடதுக்கு வேறொன்றும் போடலாம்; யாரும் தடுக்கவில்லை. கழன்று விழுகிறதே என்று இன்னும் பெரிய முனையைத் திணிப்பார்கள் சிலர். பெரும்பாலும் அது தப்பு. பெரிய முனை வாசலிலேயே நின்றுவிடும், தாடை அசைந்ததும் பிதுங்கி வெளியே வரும். பேசும்போதும் மெல்லும்போதும் காதுக்குழாயின் வடிவம் மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு அளவு சின்னதைப் போட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் ஃபோம் முனை. விரலால் உருட்டி ஒல்லியாக்கி, உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயின் வடிவத்துக்கு ஏற்ப அதுவே நிறைந்துகொள்ளும். அழுக்கேறும், நைந்துபோகும், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தத் தொல்லை உண்டு.

போடும் விதமும் முக்கியம். இடது காதுக்குப் போடும்போது வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதுமடலை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். குழாய் நேராகும். இடது கையால் இயர்போனை உள்ளே வைத்துச் சற்றே திருகுங்கள். மடலை விடுங்கள். இப்போது இயர்போனை ஆஃப் செய்த நிலையிலேயே, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். நன்றாக அடைபட்டிருந்தால் உங்கள் குரல் தலைக்குள் கனமாக ஒலிக்கும். வலது பக்கம் கனமாகவும் இடது பக்கம் சாதாரணமாகவும் கேட்டால் இடதில் ஓட்டை இருக்கிறது. பிறகு காதோரத்தில் இரண்டு விரலைத் தேய்த்துப் பாருங்கள். அந்தச் சரசரப்பு அநேகமாக மறைந்திருக்க வேண்டும். பரிசோதனை அறையிலும் நாங்கள் காதை அடைத்துவிட்டுக் கிட்டத்தட்ட இதைத்தான் பார்க்கிறோம்.

உடன் வேலை செய்பவர் சொன்ன பெரிய ஹெட்போன் நல்ல பொருள்தான், இடது காதுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். ஆனால் உங்கள் மூக்குக் கண்ணாடி குறுக்கே நிற்கிறது. கண்ணாடியின் கால் மெத்தைக்கும் மண்டைக்கும் நடுவே புகுந்து ஒரு சின்ன இடைவெளியை உண்டாக்கும். பார்த்தால் ஒன்றுமில்லாத இடைவெளி. தாழ்ந்த ஒலிக்கு அது போதும். மெல்லிய உலோகக் கால் என்றால் சமாளிக்கலாம். தடித்த பிளாஸ்டிக் சட்டம் என்றால் ஒலியும் கசியும், ஒரு மணி நேரத்தில் காதுக்கு மேலே வலியும் எடுக்கும். வெயில் காலத்தில் காது வேர்த்து ஊறும். கால் கிலோ எடையைப் பையில் சுமக்க இடமும் வேண்டும். உட்கார்ந்தே போகிறவர், கண்ணாடி இல்லாதவர் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். காதின் மேல் வெறுமனே அழுந்தி உட்காரும் சின்ன வட்ட ஹெட்போன்கள் பற்றி ஒரே வரி: அவை ரயிலுக்கு ஆகாது.

தம்பியின் யோசனைதான் இருப்பதிலேயே ஆபத்தானது, நல்லெண்ணத்தில் சொன்னதாக இருந்தாலும். எலும்பு வழிக் கருவி காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் அதிர்கிறது; அந்த அதிர்வு செவிப்பறையைத் தவிர்த்துவிட்டு நேரே காக்ளியாவுக்குப் போகிறது. ‘செவிப்பறையைத் தொடுவதில்லை, அதனால் பாதிப்பில்லை’ என்கிற பேச்சு இதிலிருந்து கிளம்பியதுதான். பலத்த ஒலி கெடுப்பது செவிப்பறையை அல்ல, காக்ளியாவை. எந்த வாசல் வழியாகப் போனாலும் போய்ச் சேரும் வீடு ஒன்றே. அதோடு காது திறந்திருப்பதால் ரயிலின் 80 டெசிபெல்லும் தடையில்லாமல் உள்ளே வரும். கதை புரிய நீங்கள் ஒலியை மறுபடி உச்சிக்கு ஏற்றுவீர்கள். அமைதியான தெருவில் நடப்பவருக்கு, சுற்றுப்புறம் கேட்டாக வேண்டியவருக்கு, நடுக்காதில் கோளாறு உள்ள சிலருக்கு அது அருமையான கருவி. உங்கள் பயணத்துக்கு அது வேண்டாம்.

ஆகவே என் பதில்: காதுக்குள் போடும் வகை, சிலிக்கான் முனை பல அளவில் கிடைப்பது, ஃபோம் முனையும் மாட்ட முடிவது, ஓரளவு நாய்ஸ் கேன்சலிங் உள்ளது. சந்தையில் இருப்பதிலேயே உயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் தேவையில்லை. பொருத்தம் சரியாக இருந்தால் நடுத்தரமே வேலை பார்க்கும். இரண்டு தனித்தனி மணிகளா, கழுத்தில் தொங்கும் நெக்பேண்டா என்று கேட்டால் நான் நெக்பேண்ட் கட்சி. பழைய பாணி என்று சிரிப்பார்கள். ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் பையுமாக, நெரிசலில் நின்றுகொண்டு போகிறவருக்குக் காதிலிருந்து கழன்றால் மார்பில் தொங்கும் பொருள்தான் நிம்மதி. பட்டாணி அளவுப் பொருள் பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே விழுந்தால் போனது போனதுதான். அதோடு நெக்பேண்டில் பெரும்பாலும் அழுத்துகிற பொத்தான் இருக்கும். தொட்டால் வேலை செய்கிற வகையில், முடியை ஒதுக்கினால் பாட்டு மாறும், யாராவது இடித்தால் யாருக்காவது அழைப்பு போகும். தேர்ந்தெடுக்க வழி இருந்தால் பொத்தானே இருக்கட்டும்.

கடைக்காரர் சொன்ன எண்களில் டிரைவர் அளவை மறந்துவிடுங்கள். பெரிது என்பதாலேயே நன்றாக ஒலிக்காது. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று அட்டையில் போட்டிருப்பதும் அப்படித்தான், எல்லா அட்டையிலும் அதே எண். பேட்டரி உங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் ஓடினால் போதும். ஐம்பது மணி நேரம் என்ற வாக்குறுதியைவிட, அந்தக் குட்டி லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டிய விஷயம். வியர்வைக்கும் தூறலுக்கும் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் போதும். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு நீந்தப் போவதில்லை.

வாங்குமுன் திருப்பித் தர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்குள் போன பொருளைப் பல கடைகள் திரும்ப வாங்காது. வாங்கியதும் ஒரு சோதனை. இரவில், வீடு அடங்கிய பிறகு, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒலிநூலைப் போட்டு, எதிரில் ஒருவர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது போலத் தோன்றுகிற அளவுக்கு ஒலியை வையுங்கள். போன் திரையில் அந்த அளவுக்கோட்டில் எத்தனையாவது படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் ரயில் முழு வேகத்தில் போகும்போது அதே ஒலிநூலை, அதே படியில் கேளுங்கள். புரிகிறதா? அல்லது ஓரிரு படி ஏற்றினால் புரிகிறதா? சரியான பொருளை வாங்கியிருக்கிறீர்கள். நான்கு ஐந்து படி ஏற்ற வேண்டியிருந்தால் முனையை மாற்றுங்கள். முனை மாற்றியும் அப்படியே என்றால் கருவியை மாற்றுங்கள். அறுபது சதவீத ஒலியில் அறுபது நிமிடம் கேட்கலாம் என்று ஒரு சூத்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. ஒரு போனின் அறுபது சதவீதம் இன்னொரு போனில் வேறு டெசிபெல். இயர்போன் மாறினால் மறுபடி வேறு. இப்போது பல போன்களில் ஹெட்போன் ஒலியின் டெசிபெல் அளவையும் வாரக் கணக்கையும் காட்டும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து, உச்சவரம்பை 80-இல் நிறுத்திவிடுங்கள். கருவிக்குக் கருவி கொஞ்சம் முன்னே பின்னே காட்டும்தான், ஆனாலும் சதவீதத்தைவிட அது நம்பத் தகுந்தது.

ஒற்றைக் காதில் மட்டும் போட்டுக்கொண்டு, இன்னொன்றை ‘சுற்றிலும் கேட்கட்டும்’ என்று விட்டுவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ரயிலுக்குள் அது வேண்டாம். திறந்த காது வழியே இரைச்சல் வந்துகொண்டே இருக்கும்; அதை வெல்ல மற்றக் காதில் ஒலியை ஏற்றுவீர்கள். ஸ்டேஷன் தவறிவிடும் என்ற பயம் இருந்தால் போனில் அதிர்வு அலாரம் வையுங்கள். மாறாக, பிளாட்பாரத்தில் நடக்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். வெளிச்சத்தம் உள்ளே வரும் முறைக்கு மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் காற்று வீசினால் அந்த மைக்கில் புஸ்ஸென்று இரையும், பின்னாலிருந்து வரும் வண்டி எந்தத் திசை என்று மட்டுப்படாது. நெக்பேண்ட் என்றால் கழற்றுவது ஒரு நொடி வேலை.

சிலிக்கான் முனையை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு காதை அடைத்துவைத்தால் குழாயில் தொற்று வரும். இயர்போனின் வாயிலுள்ள வலையில் காது மெழுகு அடைத்திருந்தால் அந்த வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். ஒரு பக்கம் ஒலி குறைந்துபோனால் ரிப்பேர் என்று முடிவுகட்டுவதற்கு முன் அந்த வலையைப் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாதீர்கள். இயர்போன் உள்ளே தள்ளிய மெழுகை அது இன்னும் உள்ளே தள்ளும்.

புதிய கருவிக்கு மாறி, ஒலியைக் குறைத்துக் கேட்கத் தொடங்கிய சில வாரத்தில் மாலை இரைச்சல் நின்றுபோக வேண்டும். நிற்காவிட்டாலோ, ஒரே காதில் மட்டும் இரைந்தாலோ, கூடவே தலைசுற்றல் வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே போங்கள். அதற்கான சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.

மகனுக்கு அந்தப் பழைய இயர்போனைக் கொடுக்க வேண்டாம். எதையும் அடைக்காத அது உங்களை எப்படி ஒலியை ஏற்ற வைத்ததோ, பஸ்ஸிலோ டி.வி. ஓடுகிற கூடத்திலோ அவனையும் அப்படியே ஏற்ற வைக்கும். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு வரம்பு 75 டெசிபெல், பெரியவர்களைவிட ஐந்து குறைவு. ‘குழந்தைகளுக்கானது, 85 டெசிபெல்லைத் தாண்டாது’ என்று அட்டையில் போட்டு விற்கும் ஹெட்போன்கூட அவனுக்கு நாள் முழுவதும் போட்டுக்கொள்ளத் தக்கதல்ல. 84-ஐத் தொட்டாலே வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான். காதை நன்றாக மூடும் சின்ன ஹெட்போன் ஒன்றை வாங்கி, அவன் பயன்படுத்தும் போனிலேயே வரம்பை 75-இல் வைத்து, அதை மாற்ற ஒரு கடவுச்சொல்லும் போட்டுவிடுங்கள். கடவுச்சொல் அவன் பிறந்தநாளாக மட்டும் இருக்க வேண்டாம்.